பிள்ளை வளர்ப்பில் வேதவசனம் எவ்வளவு தூரம் துணைவரும்?

கேள்வி: தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தலைமுறைகளாகக் கிறிஸ்தவக் குடும்பம், பாளையங்கோட்டையில் இருக்கிறோம். என் மகனுக்கு ஒன்பது வயது. வீட்டுப்பாடம் முடித்துவிட்டதாகப் பொய் சொல்கிறான், எதிர்த்துப் பேசுகிறான், தங்கையைச் சீண்டுகிறான். அந்த வயதுப் பையன்கள் செய்வதற்கு மேல் எதுவும் அவன் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான என் மாமனாரோ ஒவ்வொரு முறையும் நீதிமொழிகள் 13:24-ஐ எடுத்துச் சொல்கிறார்: "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்." பள்ளியில் அடிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதை நினைவூட்டினால், மனிதர் எழுதிய சட்டத்துக்கும் தேவன் கொடுத்த வசனத்துக்கும் வித்தியாசம் இல்லையா என்று கேட்கிறார். என் கணவர் வாய் திறப்பதில்லை.

நான் விசுவாசி. எனக்குப் பிடிக்காத வசனம் என்பதற்காக அதை ஒதுக்கித் தள்ள என்னால் முடியாது. அதே சமயம் மகனைப் பிரம்பால் அடிக்கவும் மனம் ஒப்பவில்லை. அடிப்பதா வேண்டாமா என்பதை மட்டும் அறிய நான் இதை எழுதவில்லை. பிள்ளை வளர்ப்புக்கு மறைநூல்கள் உண்மையிலேயே வழிகாட்டுகின்றனவா, அல்லது நாம் ஏற்கெனவே முடிவுசெய்துகொண்ட ஒன்றுக்கு வசனம் தேடுகிறோமா என்பதே என் கேள்வி. பிற சமயத்தவரும், சமயமே வேண்டாம் என்பவர்களும் பதில் எழுதினால் மகிழ்வேன்.

பதில் 1: பழைய ஏற்பாட்டு வாசகன்

சகோதரி, உங்கள் மாமனார் சொல்லும் வசனம் வேதத்தில் இருக்கிறது. அதை மழுப்புவதில் பயனில்லை. 23:13-ம் அதையேதான் சொல்கிறது. ஆனால் அந்த வசனம் எந்த வகை நூலில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீதிமொழிகள் சட்டப் புத்தகமன்று. அனுபவத்தில் விளைந்த சொற்களின் தொகுப்பு. 26ஆம் அதிகாரத்தில் 4ஆம் வசனம் மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதே என்கிறது. அடுத்த வசனமே பதில் சொல் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்களுக்கு முரண்பாடு தெரியாமல் இருந்திருக்காது. எந்தச் சொல் எந்த நேரத்துக்கு உரியது என்று தீர்மானிக்கும் பொறுப்பு வாசிப்பவனுடையது என்று எண்ணித்தான் அப்படி வைத்திருக்க வேண்டும்.

சட்டமாகவே எழுதப்பட்டதையும் பாருங்கள். உபாகமம் 21ஆம் அதிகாரம், பெற்றோருக்கு அடங்காத துஷ்டப் பிள்ளையை ஊரார் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்கிறது. மோசேயின் சட்ட நூல்களான தோராவை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் காத்த யூத அறிஞர்கள் இதை என்ன செய்தார்கள் என்பதைத் யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியில் காணலாம். பிள்ளையின் வயது, அவன் தின்ற இறைச்சியின் அளவு, குடித்த மதுவின் அளவு என நிபந்தனைமேல் நிபந்தனை விதித்தார்கள். தாயும் தகப்பனும் குரலிலும் தோற்றத்திலும் உயரத்திலும் ஒத்திருக்க வேண்டும் என்று கூட ஒருவர் வாதிட்டார். இறுதியில், அப்படியொரு பிள்ளை இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை என்ற கருத்து அங்கே பதிவாகியிருக்கிறது. வசனத்தை அவர்கள் அழிக்கவில்லை; அதன் பெயரால் ஒரு பிள்ளையும் சாகாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேதத்தில் பிள்ளை வளர்ப்புக்கு அதிகம் உதவுவது கட்டளைகளைவிடக் கதைகள் என்பது என் எண்ணம். யாக்கோபு தன் மக்களில் யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கியைச் செய்து கொடுத்ததும், அதனால் அந்த வீடு பட்ட பாடும் நமக்குத் தெரியும். அதோனியாவை அவன் தகப்பனாகிய தாவீது, நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு நாளும் கேட்டுக் கடிந்துகொண்டதில்லை என்று இராஜாக்களின் முதல் புத்தகம் போகிறபோக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. அந்த மகன் தகப்பன் உயிரோடிருக்கையிலேயே அரியணைக்கு ஆசைப்பட்டான். பிரம்பைப் பற்றிய அந்தச் சொற்கள் யார் பெயரில் வழங்குகின்றனவோ, அந்தச் சாலொமோனின் மகன் ரெகொபெயாம் என்ன ஆனான்? பாரத்தைக் குறைக்கும்படி கேட்டு வந்த ஜனங்களிடம், என் தகப்பன் உங்களைச் சவுக்கால் தண்டித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன் என்றான்; பத்துக் கோத்திரங்கள் பிரிந்து போயின. தண்டனையைத் தவிர வேறு மொழி அறியாத மகனாக அவன் வளர்ந்திருக்கிறான். உங்கள் மாமனாரிடம் இந்த அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

புதிய ஏற்பாட்டில் பவுல் தகப்பன்மாருக்குச் சொல்வதும் கவனிக்கத்தக்கது. ரோமச் சமூகத்தில் பிள்ளையின் மீது தகப்பனுக்கு இருந்த அதிகாரத்துக்குச் சட்டத்தில் வரம்பு ஏறக்குறைய இல்லை. அந்தக் காலத்தில், "உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று கொலோசெயருக்கு எழுதுவது தகப்பனின் கையைப் பிடித்து நிறுத்துவதாகும். பிள்ளையின் மனம் உடைந்துபோகும் என்று ஒருவர் அன்றே கவலைப்பட்டிருக்கிறார்.

பதில் 2: கேள்விக்குறி

மேலே எழுதிய ஐயாவின் வாசிப்பு ஆழமானது. ஆனால் சகோதரி எதற்கு அஞ்சினாரோ அதையே அவரும் செய்திருக்கிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அடிக்கக் கூடாது என்பது அவருடைய மனச்சாட்சி முன்னரே எடுத்த முடிவு. அதற்குப் பிறகுதான் ரெகொபெயாமும் பவுலும் வருகிறார்கள். மாமனார் அடிக்கலாம் என்று முடிவெடுத்துவிட்டுச் சாலொமோனை அழைக்கிறார். நூல் ஒன்றுதான், முடிவு நூலுக்கு வெளியே பிறக்கிறது.

இது கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரிய சிக்கலன்று. மனு ஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம், மாணவர்களுக்குத் துன்பமிழைக்காமல் இனிய சொல்லால் கற்பிக்க வேண்டும் என்கிறது. அதே நூலின் எட்டாம் அத்தியாயம், தவறு செய்த மனைவி, மகன், வேலைக்காரன், சீடன், தம்பி ஆகியோரைக் கயிற்றாலோ மூங்கில் பிளாச்சாலோ அடிக்கலாம் என்கிறது. முதுகில்தான் அடிக்க வேண்டும், தலையில் அடிக்கக் கூடாது என்பது அதன் கருணை! இரண்டில் எதைப் பின்பற்றுவது என்பதை மனு சொல்லமாட்டார். மனைவியையும் மகனையும் ஒரே பட்டியலில் வைத்த நூலிடம் பிள்ளை வளர்ப்பைக் கேட்பதா என்பதே என் முதல் ஐயம்.

நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கையும் சொல்கிறேன். தென்னாப்பிரிக்கா 1996இல் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்தது. 196 தனியார் கிறிஸ்தவப் பள்ளிகளின் சார்பில் ஓர் அமைப்பு, பிரம்பைப் பயன்படுத்துவது எங்கள் விசுவாசத்தின் பகுதி என்று கூறி, இதே நீதிமொழிகள் வசனங்களைக் காட்டி வழக்குத் தொடுத்தது. அரசியல் சாசன நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் அதைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆல்பி சாக்ஸ். பெற்றோரின் நம்பிக்கை நேர்மையானது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆயினும் பிள்ளையின் உடலுக்கும் மானத்துக்கும் அரசு தரும் பாதுகாப்பிலிருந்து அந்த நம்பிக்கை விலக்குப் பெற முடியாது என்றது. 2019இல் அதே நீதிமன்றம், வீட்டில் பெற்றோர் "மிதமாக" அடிக்கலாம் என்ற பழைய சட்டப் பாதுகாப்பையும் நீக்கியது. அந்தத் தீர்ப்பை வழங்கிய தலைமை நீதிபதி மொகோயெங் மொகோயெங், ஊரறிந்த கிறிஸ்தவ விசுவாசி.

அடிப்பதால் பிள்ளைகள் திருந்துவதில்லை, மூர்க்கம்தான் கூடுகிறது என்று ஆய்வுகளை ஆதாரமாக வைத்து அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018இல் வெளிப்படையாக அறிவுறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் வசனத்தில் விடை தேட வேண்டிய தேவை என்ன? சண்டைக்காகக் கேட்கவில்லை. மருத்துவமும் மனச்சாட்சியும் சொல்லாத எதை மறைநூல் கூடுதலாகச் சொல்கிறது என்று யாராவது விளக்கினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

பதில் 3: காயல் வாசி

அஸ்ஸலாமு அலைக்கும். பல ஆண்டுகள் மக்தபில் (குர்ஆன் ஓதக் கற்பிக்கும் பள்ளியில்) சிறுவர்களுக்கு ஓதிக்கொடுத்தவன் என்ற முறையில், கேள்விக்குறி அவர்களின் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மறைநூல் கூடுதலாகச் சொல்வது பிள்ளையைப் பற்றியன்று, பெற்றவரைப் பற்றி. திருக்குர்ஆனின் 31ஆம் அத்தியாயத்தில் லுக்மான் தம் மகனுக்குச் சொல்லும் அறிவுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் "என் அருமை மகனே" என்று அழைத்துவிட்டுத்தான் பேசுகிறார். இறைவனுக்கு இணைவைக்காதே, தொழுகையைப் பேணு, மக்களிடம் முகத்தைத் திருப்பாதே, பூமியில் செருக்காக நடக்காதே, குரலைத் தாழ்த்திக்கொள் என்கிறார். குரலைத் தாழ்த்து என்று கத்திக்கொண்டே ஒரு தகப்பன் சொல்ல முடியாது அல்லவா? இரண்டாம் அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பால்குடியை நிறுத்துவதைக்கூடத் தாயும் தகப்பனும் மனமொத்து ஆலோசித்துச் செய்யச் சொல்கிறது. இது மணமுறிவைப் பற்றிய வசனங்களுக்கு நடுவே வருகிறது. பிரிந்துபோகும் இருவரும் குழந்தையின் விஷயத்தில் கலந்து பேசியாக வேண்டும் என்பது அதன் பொருள். சகோதரியின் கணவர் வாய் திறப்பதில்லை என்று படித்தபோது எனக்கு இந்த வசனம்தான் நினைவுக்கு வந்தது.

நபி (ஸல்) அவர்கள் பேரர் ஹசனை முத்தமிட்டபோது அருகிலிருந்த அக்ரஉ பின் ஹாபிஸ், எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் நான் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்படமாட்டார் என்று நபியவர்கள் பதிலளித்தார்கள். இது புகாரி என்னும் நபிமொழித் தொகுப்பில் உள்ளது. தம் பிள்ளைகளில் நுஃமானுக்கு மட்டும் ஒரு பரிசு கொடுத்துவிட்டு, அதற்கு நபியவர்களைச் சாட்சியாக்க வந்த பஷீரிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைப் போல் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். மருத்துவர் சொல்வதை நான் கேட்கலாம், கேட்காமல் விடலாம். பிள்ளைகளிடையே நீதி செலுத்தியது பற்றி மறுமையில் என்னிடம் கேட்கப்படும் என்று நம்புகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் கேட்ட "கூடுதல்" இதுதான்.

பத்து வயதில் தொழாத பிள்ளையை அடிக்கச் சொல்லும் அறிவிப்பு அபூதாவூத் என்னும் நபிமொழித் தொகுப்பில் இருப்பதையும் மறைக்கக் கூடாது. ஏழு வயதில் ஏவத் தொடங்கி மூன்று ஆண்டுகள் சொல்லிப் பழக்கிய பிறகுதான் அந்த இடமே வருகிறது. காயமோ தழும்போ உண்டாகக் கூடாது, முகத்தில் படக் கூடாது என்று சட்ட அறிஞர்கள் வரம்பு கட்டினார்கள். அந்த வரம்புகளைச் சொல்லாமல் "அடி" என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்ட ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். நபியவர்கள் தம் கையால் எந்தப் பெண்ணையும் பணியாளரையும் அடித்ததில்லை என்று அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவித்திருக்க, நான் யாரைப் பின்பற்றுவது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. இதுவும் என் தேர்வுதானே என்று கேள்விக்குறி கேட்பார். ஆம், தேர்வுதான், ஆனால் எனக்கு முன்னோடி யார் என்பதை நானாக முடிவுசெய்யவில்லை.

பதில் 4: மூன்று பேத்திகளின் பாட்டி

பெரியவர்கள் எல்லோரும் பெற்றோரைப் பற்றியே பேசுகிறீர்கள். பிள்ளையின் காதில் மறைநூல் எப்படி விழுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லித்தான் நம் ஊரில் பக்தியே தொடங்குகிறது. அப்படி வளரும் பிள்ளை பொய்யை விடுவதில்லை. சாமியை ஏமாற்றப் பார்க்கிறது.

கடோபநிடதத்தில் நசிகேதன் என்ற சிறுவன், பால் வற்றிய கிழட்டுப் பசுக்களைத் தானம் கொடுக்கும் தகப்பனைப் பார்த்து, என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று மீண்டும் மீண்டும் கேட்கிறான். எரிச்சலில் தகப்பன், எமனுக்குக் கொடுத்தேன் என்கிறார். எதிர்த்துப் பேசும் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான கதை உண்டா? அந்தக் கேள்வியைப் பிழை என்று உபநிடதம் எங்கும் சொல்லவில்லை. எமனிடம் முதல் வரமாக அவன் கேட்டது தகப்பனின் கோபம் தணிய வேண்டும் என்பதுதான். தைத்திரீய உபநிடதத்தில் குரு விடைகொடுக்கும்போது மாதாவையும் பிதாவையும் தெய்வமாகக் கொள் என்று சொல்வதை மேடைதோறும் முழங்குகிறோம். அதே மூச்சில், எங்களிடம் உள்ள நல்ல நடத்தைகளை மட்டும் பின்பற்று, மற்றவற்றை வேண்டாம் என்று அவர் சொல்வதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு வசதியில்லை போலும்.

தாமிரபரணிக்கரை மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. காயல் வாசி ஐயாவின் பதிலை என் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். நீண்ட நேரம் பேசினோம். இனி மகனைப் பற்றிய எதையும் இருவரும் பேசி முடிவெடுத்த பிறகே மாமனாரிடம் சொல்வது என்று தீர்மானித்திருக்கிறோம். மாமனாரிடம் கொலோசெயரைக் காட்டியபோது அவர் உடனே ஆசாரியனாகிய ஏலியைக் கொண்டுவந்தார். தன் குமாரரை அடக்காமல் விட்டதால் ஏலியின் வீடே அழிந்தது என்று சாமுவேலின் முதல் புத்தகம் சொல்கிறதே, அதற்கு என்ன பதில் என்கிறார். எனக்கு விடை தெரியவில்லை.

பதில் 5: பழைய ஏற்பாட்டு வாசகன்

நல்ல கேள்வி, உங்கள் மாமனார் வேதத்தை நன்றாக வாசித்திருக்கிறார். ஆனால் ஏலியின் குமாரர் ஓப்னியும் பினெகாசும் அப்போது சிறுவர்கள் அல்லர். ஆசாரியப் பதவியிலிருந்த வளர்ந்த ஆண்கள். பலியிட வந்தவர்களின் இறைச்சியை மிரட்டிப் பறித்ததும், ஆசரிப்புக் கூடார வாசலில் கூடிய பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதும் அவர்கள் குற்றங்கள். ஏலி வாயால் கண்டித்தார், பதவியிலிருந்து நீக்கவில்லை. அவர்கள் சிறுவயதில் பிரம்படி பட்டார்களா இல்லையா என்று அந்தப் புத்தகம் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

அதே வீட்டில், அதே ஏலியின் கையில், பால்மறந்த வயதிலிருந்து இன்னொரு பிள்ளையும் வளர்ந்தது. அதுதான் சாமுவேல். அந்தச் சாமுவேலின் மக்கள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்து லஞ்சம் வாங்கினார்கள்; அதற்காகச் சாமுவேலை வேதம் எங்கும் குற்றம் சாட்டவில்லை. இந்த மூன்று வளர்ப்புகளையும் ஒன்றாக வைத்து உங்கள் மாமனார் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.