ஆடிக்கூழைப் பாடசாலையில் பிள்ளைகளே காய்ச்ச வேண்டுமா?

கொக்குவில் அம்மா:
மகளின் பாடசாலை வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஓர் அறிவித்தல் வந்தது. இந்த முறை ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் வெளியே சமையல்காரரிடம் எடுக்கப் போகிறார்களாம். பிள்ளைக்கு 300 ரூபா கொடுத்துவிட வேண்டும். போன வருடம் வரை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் மைதான ஓரத்தில் அடுப்பு மூட்டிக் காய்ச்சினார்கள். பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தி எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். இனிப் பிளாஸ்டிக் கப்பில் வரும். எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

திருநெல்வேலி அப்பா:
அக்கா, பாடசாலை எடுத்த முடிவு சரி. மூன்று வருடத்துக்கு முன் வேறொரு பாடசாலையில் பொங்கல் விழா. பானையை இறக்கும்போது பிடிதுணி வழுகி, என் மகனின் காலில் கொதிநீர் ஊற்றுப்பட்டுவிட்டது. ஒன்றரை மாதம் சப்பாத்துப் போட முடியவில்லை. அந்த நேரம் அடுப்படியில் ஒரு பெரியவர்கூட இல்லை. எல்லோரும் பிரதம விருந்தினருக்கு மாலை போட வாசலுக்குப் போய்விட்டார்கள். கூழ் பொங்கலைவிட மோசம். மா கலந்தது, கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு வேகும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைக் கிடாரத்துக்குப் பக்கத்தில் விட நான் சம்மதிக்க மாட்டேன்.

மானிப்பாய் ரீச்சர்:
தம்பி, உங்கள் பிள்ளைக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது. ஆனால் பிழை அடுப்பிலா, மாலை போடப் போனவர்களிலா? விருந்தினரையும் மேடைப் பேச்சையும் நிறுத்துங்கள் என்றால் உங்களோடு சேர்ந்து நானும் கையெழுத்து வைப்பேன். ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் பேச்சுக் கேட்ட பிள்ளைக்குக் கூழ் ஆறித்தான் கிடைக்கிறது.

காய்ச்சுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். போன வருடம் என் வகுப்பில் ஒரு பிள்ளை பனங்கட்டிக் குட்டானைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எப்படித் திறப்பது ரீச்சர்?" என்று கேட்டாள். தினமும் பனந்தோப்பைக் கடந்து சைக்கிளில் வருகிற பிள்ளை. ஓலையைப் பிரித்து, கட்டியை உடைத்து, ஒரு துண்டு வாயில் வைத்துக் கொடுத்தேன். பனங்கட்டி காய்ச்சப் பனையிலிருந்து கருப்பநீர் இறக்கும் முட்டியில் ஏன் சுண்ணாம்பு பூசுகிறார்கள் என்ற பேச்சு அங்கே தொடங்கியது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும் என்றதும், விஞ்ஞானப் பாடத்தில் நொதித்தல் படித்தது பின் வாங்குப் பையன்களுக்கே ஞாபகம் வந்துவிட்டது. பனங்கட்டியைக் கரைத்து வடித்தபோது துணியில் தங்கிய மண்ணைப் பார்த்தார்கள். வடிக்காவிட்டால் கூழில் பல்லுக்குள் நறநற என்று கடிபடும் என்று இனி யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வறுத்த பயறு அவிந்ததா என்று இரண்டு விரலால் நசித்துப் பார்த்தார்கள். தேங்காய்ச் சொட்டை மெல்லிசாகச் சீவ அரை நாள் எடுத்தார்கள், பரவாயில்லை. இதெல்லாம் 300 ரூபாவுக்குக் கிடைக்குமா?

வடமராட்சி மைந்தன்:
இரண்டு பக்கமும் இல்லாமல் ஒன்று சொல்கிறேன். இது வீட்டுக்குரிய நாள். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு விடுமுறைச் சந்தோசத்தோடுதானே தொடங்குகிறது? பிள்ளை வீட்டில் நின்று கூழ் குடிக்கட்டும் என்றுதான் அந்தக் காலத்தில் விடுமுறை விட்டார்கள். இப்போது எல்லாவற்றையும் பாடசாலையின் தலையில் கட்டுகிறோம். தை பிறந்தால் பொங்கல், பிறகு இல்ல மெய்வல்லுநர் போட்டி, ஆடிக்கூழ், வாணி விழா, மார்கழியில் ஒளி விழா. ஒவ்வொன்றுக்கும் காசு சேர்க்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் பாடம் போகிறது. கூலி வேலைக்குப் போகிற தகப்பனுக்கு ஒரு தவணையில் இரண்டு மூன்று தரம் 300 என்பது சின்னக் காசு இல்லை. கொண்டுவராத பிள்ளை வகுப்பில் தலை குனிந்து நிற்கும்.

குருநகர் தங்கச்சி:
அண்ணா, காசு விசயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. வீட்டு விசயத்தில் இல்லை. எங்கள் வீட்டில் நானும் அவரும் வேலைக்குப் போகிறோம். கூழ் காய்ச்சத் தெரிந்த அம்மா இப்போது கனடாவில் அண்ணாவோடு. எத்தனை வீட்டில் இதே கதை! நாங்கள் கத்தோலிக்கர், ஆனாலும் சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கூழ் எங்களுக்கு ஒரு செம்பு வந்துவிடும், நத்தாருக்கு எங்கள் பலகாரம் அங்கே போகும். தைப்பொங்கலுக்கு எங்கள் கோயிலிலும் பொங்குகிறார்கள். என் மகன் ஆடிக்கூழைப் பார்த்ததே பாடசாலையில்தான். அங்கேயும் கப்பில் ஊற்றிக் கொடுத்தால் அவனுக்கு அது இன்னொரு பாயாசம், அவ்வளவுதான்.

காசுக்குப் பதிலாகப் பொருள் கேட்கலாமே. ஒரு வீட்டில் தேங்காய், ஒரு வீட்டில் ஒரு சுண்டு பயறு, முடியாத வீட்டில் பலா இலை. எங்கள் வளவில் பலா நிற்கிறது, தேவையான இலையை நானே தருகிறேன்.

திருநெல்வேலி அப்பா:
பொருள் கேட்பது நல்ல யோசனை, அதை ஏற்கிறேன். ரீச்சர் சொன்ன வேலைகளில் குட்டான் பிரிப்பது, பயறு வறுப்பது, சொட்டுச் சீவுவது எதிலும் எனக்குப் பயமில்லை. மகனும் செய்யட்டும். ஆனால் மா கரைத்து ஊற்றத் தொடங்கியதிலிருந்து அகப்பை பெரியவர் கையில் இருக்க வேண்டும். இறக்குவதும் ஊற்றுவதும் அவர்கள்தான். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மானிப்பாய் ரீச்சர்:
ஊற்றுவதையும் பறித்துவிட்டால் என்ன மிச்சம், தம்பி? தன் கையால் அடுத்தவனுக்கு ஊற்றிக் கொடுப்பதுதானே அவர்களுக்குப் பெரிய சந்தோசம். இறக்கியதைச் சின்ன வாளிகளில் மாற்றி, கொஞ்சம் ஆறவிட்டுக் கொடுத்தால் பயமில்லை. கிடாரத்தடிக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் நான். மற்றவராக நீங்கள் வருவீர்களா? காலை ஏழு மணிக்கு அடுப்பு மூட்டுவோம்.