தொப்பிக் கட்டை செதுக்கியவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மரத்தூள்:
நான் இருப்பது இங்கிலாந்தில், லூட்டனில். இந்த ஊர்க் கால்பந்து அணிக்குச் செல்லப்பெயரே 'ஹேட்டர்ஸ்', அதாவது தொப்பிக்காரர்கள். அந்தக் காற்று பட்டதோ என்னவோ, மனைவி தொப்பி செய்யும் வகுப்பில் சேர்ந்தாள். ஃபெல்ட்டை (கம்பளி இழைகளை அழுத்திச் செய்த கெட்டித் துணி) ஆவியில் காட்டி, சூடாக இருக்கும்போதே மரக்கட்டைமேல் இழுத்து மாட்டி, கயிறு கட்டிக் காயவிட்டால் அதே வடிவம் நின்றுவிடும். கட்டை விலை கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. "உங்களுக்குத்தான் தச்சுவேலை தெரியுமே" என்றாள். மாட்டிக்கொண்டேன்.

கையில் இருந்தது பைன் பலகை. ஒட்டி, இழைத்து, உப்புத்தாள் போட்டுக் கொடுத்தேன். பார்க்க அழகுதான். ஆனால் ஆவிச் சூட்டில் பிசின் கசிந்து ஃபெல்ட்டில் ஒட்டியது. பைனில் ஒரு வரி கெட்டி, அடுத்த வரி மெத்தென்று இருக்குமா, அந்த வரிவரியெல்லாம் தொப்பியில் பதிந்துவிட்டது.

அடுத்தது லைம் மரம். (எலுமிச்சை இல்லை, இது லிண்டன். நானும் முதலில் ஏமாந்தேன்.) உளிக்கு வெண்ணெய் மாதிரி இடம் கொடுக்கிறது, குண்டூசியையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. தலை வட்டம் இல்லை, முட்டை வடிவம். 57 செ.மீ. சுற்றளவுக்கு நீளம் சுமார் 20, அகலம் 16½ வரும். அட்டையை நீளவாக்கில் மடித்துப் பாதியை வெட்டிப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒத்துவரும். அதை வைத்துக் கோடு போட்டு, கட்டையைச் சுற்றிச் சுற்றிச் செதுக்கினேன். கண்ணைவிடக் கை நம்பகமானது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே மேடு என்று விரல் சொல்லிவிடும்.

இந்தத் தடவை மனைவி கேட்டது, மேலே அகலமாக விரிந்து கீழே குறுகும் தொப்பி. ஒரே கட்டையில் அப்படியே செதுக்கினேன். ஃபெல்ட் ஜம்மென்று ஏறியது. காய்ந்ததும் இறங்கவில்லை! மறுபடி ஆவி காட்டி இழுத்தோம், திருகினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பின்பக்கம் கத்தரியால் வெட்டித்தான் எடுத்தோம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது, கட்டை தப்பித்தது. மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஊசிநூல்:
அண்ணா, சிரிக்கக் கூடாது, ஆனாலும் சிரித்துவிட்டேன். விரிந்த வடிவத்துக்கு ஐந்து துண்டுக் கட்டைதான் வழி. நடுவில் ஒரு துண்டு, சுற்றி நான்கு. தொப்பி காய்ந்ததும் நடுத்துண்டை முதலில் உருவிவிட்டால் மற்றவை உள்பக்கம் சாய்ந்து ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும். முதலில் செதுக்கிவிட்டு அப்புறம் அறுக்காதீர்கள். நான் அப்படிச் செய்ததில் ரம்பம் தின்ற தூள் அளவுக்குக் கட்டை சிறுத்துப்போனது. துண்டுகளைத் தனித்தனியாகப் பொருத்தி, கட்டிவைத்து, பிறகு வெளிவடிவம் செதுக்குங்கள்.

இன்னொன்று, தொப்பி உள்ளே வியர்வைப் பட்டை வருமே, அதற்கும் இடம் விடவேண்டும். தலை அளவையே அச்சாக எடுத்தால் நெற்றியைப் பிடிக்கும்.

கரையோரம்:
எனக்கு நேர்ந்தது வேறு. சாதாரண இரும்பு ஆணியால் ஃபெல்ட்டைப் பிடிக்கவைத்தேன். ஈரத்தில் துருவேறி, வெள்ளைத் தொப்பி விளிம்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கறை. இப்போது துருப்பிடிக்காத ஊசிதான். கட்டைமேல் சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்வேன். சாயமும் கட்டையில் இறங்காது.

மரத்தூள்:
தங்கச்சி சொன்னபடியே ஐந்து துண்டில் ஒன்று முடித்தேன். நடுத்துண்டு இன்னும் கொஞ்சம் இறுக்கம், ஆவி பட்டதும் ஊதிக்கொள்கிறது. மெழுகுவத்தி தேய்த்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஒரு பழைய ஃபெல்ட் போட்டுப் பார்க்கிறேன். மனைவி புதுசைத் தர மாட்டாளாம்.