மைமல் எல்லை, விடியல் எல்லை: கமெராவின் பகல்–இரவு மாற்றத்துக்குச் சொற்கள்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். கண்காணிப்புக் கமெரா பகலில் நிறத்திலும் இரவில் கறுப்பு வெள்ளையிலும் படம் எடுக்கத் தானே மாறிக்கொள்வதற்குத் தமிழ்ச் சொற்கள் தேடி நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> 'டே நைட் மோட் ஸ்விட்சிங்' என்பதற்குப் 'பகலிரவுப் பயன்முறை நிலைமாற்றம்' எனலாமே?

எனலாம். ஆனால் ஏணியில் நின்று கமெரா பூட்டுகிற பெடியன் கீழே நிற்பவரிடம் அதைச் சொல்லி முடிக்குமுன் மழை வந்துவிடும். 'பகல்–இரவு மாற்றம்' போதும். திருகோணமலையில் இதே வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆட்கள் தடுமாறுவது தலைப்பில் அல்ல, அதைத் திறந்தால் உள்ளே வருகிற செற்றிங்ஸில்தான்.

கமெராவுக்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் பார்க்கும். சிலவற்றில் அதற்கென்று முகப்பில் ஓர் ஒளியுணரி இருக்கும். மற்றவை படம் எவ்வளவு மங்கலாக வருகிறது என்பதை வைத்தே கணித்துக்கொள்ளும். கார்த்திகை மழைக்கு உப்புவெளிப் பக்கம் வானம் கறுத்தால், பின்னேரம் மூன்று மணிக்கே படம் கறுப்பு வெள்ளைக்குப் போய்விடுவதுண்டு. 'கமெரா பழுது' என்று அழைப்பு வரும். பழுதில்லை, அது தன் வேலையைத்தான் செய்கிறது. கடிகார நேரம் கொடுத்தும் மாற வைக்கலாம். எங்கள் ஊரில் சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.40க்கும் 6.30க்கும் இடையில்தான் என்பதால் அதில் பெரிய பிசகு வராது. ஆனால் மழை கடிகாரம் பார்த்து வருவதில்லையே.

அந்த மாறும் புள்ளிக்கு 'ஒளி வாசல் மதிப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கே இருப்பது ஒரு புள்ளி அல்ல, இரண்டு. மாலையில் இரவுக்குப் போவது ஓர் அளவில். காலையில் பகலுக்குத் திரும்புவது அதைவிடக் கூடிய வெளிச்சத்தில். இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் என்ன நடக்கும்? இருட்டியதும் கமெரா தன் அகச்சிவப்பு விளக்கை எரிக்கும். பக்கத்தில் வெள்ளைச் சுவரோ, கண்ணாடி முன்னால் சிலந்தி வலையோ இருந்தால் அந்த ஒளி திரும்பி வந்து உள்ளே விழும். விடிந்துவிட்டது என்று கமெரா பகலுக்குத் தாவும். விளக்கு அணையும். மறுபடி இருட்டு, மறுபடி இரவு. உள்ளே 'டக் டக்' என்று சத்தம் வேறு.

ஆகவே எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும். மாலைக்கு 'மைமல் எல்லை', காலைக்கு 'விடியல் எல்லை'. பொழுதுபட்டு ஆள் முகம் தெரியாமல் போகிற நேரத்தை எங்கள் பக்கம் மைமல் என்போம். தமிழ்நாட்டு நண்பர்கள் 'கருக்கல்' கேட்பீர்கள். நல்ல சொல்தான், ஆனால் 'கருக்கலில் எழுந்தான்' என்றால் அதிகாலை ஆகிவிடுகிறது. 'அந்தி'யிலும் காலையந்தி, மாலையந்தி என்ற குழப்பம் உண்டு. இந்த இடத்தில் இருபொருள் ஆகாது.

இரண்டு எல்லைகளுக்கும் இடையிலான இடைவெளிக்கு, ஆங்கிலத்தில் 'ஹிஸ்டெரிசிஸ்' என்பதற்கு, 'தயக்கம்'. தமிழ்நாட்டு இயற்பியல் நூல்களில் காந்தவியலில் ஏற்கெனவே இருக்கிற சொல், புதிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. எல்லையைத் தாண்டியபின் சில வினாடி பொறுத்து மாறுவதற்குத் 'தாமதம்'. இரண்டும் குறைந்தால் வருகிற 'டக் டக்' நோய்க்குத் 'தடுமாற்றம்'. விற்பனையாளர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

> 'ஐஆர் கட் ஃபில்டர்' = அகச்சிவப்பு வடிகட்டி

இதில் எனக்கு உடன்பாடில்லை. வடிகட்டி எதைப் பிடித்து வைக்கிறது, எதை விடுகிறது என்பது பெயரில் தெரியவில்லை. அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடுகிற கண்ணாடியும் சந்தையில் உண்டு; அதையும் இப்பெயரால் அழைக்கலாம். 'அகச்சிவப்புத் தடுப்பி' என்றால் வேலை புரியும்: பகலில் தடுப்பி படம் பிடிக்கும் உணரியின் முன்னால் நின்று அகச்சிவப்பை மறிக்கும், இரவில் விலகும். பகலில் அது விலகியபடி சிக்கிக்கொண்டால் வேப்பிலை இளஞ்சிவப்பாகவும் சில கறுப்புச் சட்டைகள் ஊதாவாகவும் தெரியும். 'தடுப்பி சிக்கியிருக்கு' என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். (நாங்கள் பள்ளியில் படித்தது செந்நிறக்கீழ்க் கதிர். சிவப்புக்குக் கீழ் என்பது பொருளுக்கு நெருக்கம்தான், ஆனாலும் அகச்சிவப்பு பரவிவிட்டது. அதற்காகச் சண்டை பிடிக்கமாட்டேன்.)

மிச்சம் இருப்பது ஒன்று. இப்போது வெள்ளை விளக்கோடு வருகிற கமெராக்கள் இரவிலும் நிறத்தில் படம் எடுக்கின்றன. சிலவற்றில் ஏதாவது அசைந்தால்தான் வெள்ளை விளக்கு எரியும், அதுவரை அகச்சிவப்பில் கறுப்பு வெள்ளை. மானும் மாடும் தெருவில் திரிகிற எங்கள் ஊரில் அது எத்தனை தடவை எரியும் என்று யோசித்துப் பாருங்கள். 'இரவு முறை' என்றால் கறுப்பு வெள்ளை என்ற கணக்கு இங்கே உடைகிறது. 'நிற இரவு', 'கறுப்பு வெள்ளை இரவு', 'அசைந்தால் நிறம்' என்று மூன்றாகப் பிரிக்கலாமா? மூன்றாவதற்கு இதைவிட நல்ல பெயர் இருந்தால் எழுதுங்கள்.