திரைப்பதிவுப் பாடங்கள்: எழுத்து மங்காமல், குரல் கெடாமல் எடுப்பது எப்படி? (பலரின் அனுபவப் பகிர்வு)

கணினிப் பாடக் காணொளிகளுக்கு அடிக்கடி வரும் புகார் "எழுத்தே தெரியலை" என்பதுதான். உடனே மென்பொருளை மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அமைப்புகளில் இருக்கும்.

ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற திரைப்பதிவு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வாட்டர்மார்க்கோ நேர வரம்போ கிடையாது. செட்டிங்ஸ் போய் அவுட்புட் பக்கத்தைத் திறங்கள். 'ரெக்கார்டிங் குவாலிட்டி' என்ற இடத்தில் 'சேம் ஆஸ் ஸ்ட்ரீம்' என்று இருந்தால், நேரலைக்கு வைத்த பிட்ரேட்டிலேயே (நொடிக்கு எவ்வளவு தகவல் என்ற அளவு) பதிவும் நடக்கும். பக்கத்தை மேலும் கீழும் உருட்டும்போது எழுத்து கட்டம் கட்டமாகச் சிதறுவது இதனால்தான். அதை 'ஹை குவாலிட்டி, மீடியம் ஃபைல் சைஸ்' என்று மாற்றினாலே வித்தியாசம் தெரியும். அட்வான்ஸ்டு முறையில் வேலை செய்பவர்கள் பிட்ரேட்டை எண்ணாகக் கொடுக்காமல், எக்ஸ்264 என்கோடருக்கு (வீடியோவைச் சுருக்கும் பகுதி) சிஆர்எஃப், கிராபிக்ஸ் கார்டு என்கோடருக்கு சிக்யூபி என்ற, தரத்தை அளவாகக் கொள்ளும் முறையைத் தேர்ந்து 18 முதல் 23 வரை வைக்கலாம். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். நான் 20 சொல்வேன். நொடிக்கு 30 பிரேம் போதும்.

அடுத்தது வீடியோ பக்கம். அங்கே பேஸ் ரெசல்யூஷனும் (திரையின் அளவு) அவுட்புட் ரெசல்யூஷனும் (பதிவின் அளவு) ஒன்றாக இருக்க வேண்டும். 1366×768 திரையை 1280×720 ஆகச் சுருக்கிப் பதிவு செய்தால் ஒவ்வொரு எழுத்தின் ஓரமும் கலங்கும், ஏனென்றால் ஒரு திரைப்புள்ளி (பிக்சல்) இன்னொரு புள்ளியில் முழுசாக உட்காராது. திரையையே 1280×720க்கு மாற்றிக்கொண்டு அதே அளவில் பதிவு செய்வது மேல். முழு எச்டி திரை என்றால் 1920×1080லேயே வைத்து, விண்டோஸில் ஸ்கேலிங் 125 அல்லது 150 சதவீதம் கொடுங்கள். பார்ப்பவர் கையில் இருப்பது ஆறங்குலப் போன். டெர்மினல் எழுத்தளவு 18 பாயிண்டுக்குக் குறையக் கூடாது, பிரவுசர் ஜூமும் 125க்குக் குறையக் கூடாது.

கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து வேண்டாம். வழக்கமான 4:2:0 வீடியோவில் நிறத் தகவல் நான்கு புள்ளிக்கு ஒன்றாகத்தான் சேமிக்கப்படுகிறது. வெளிச்ச வேறுபாடு குறைந்த சிவப்பும் நீலமும் முதலில் கரையும். நிரல் எழுதிக் காட்டும் பாடத்துக்கு வெளிர் பின்னணியே நல்லது.

*

மேலே அண்ணன் சொன்னதோடு கோப்பு வடிவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்பி4ல் நேராகப் பதிவு செய்து நடுவில் கரண்ட் போனால் முழுக் கோப்பும் திறக்காது. அந்த வடிவத்துக்கு வேண்டிய அட்டவணை வழக்கமாகப் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். எம்கேவி என்ற வடிவத்தில் கரண்ட் போன நொடி வரை இருப்பது பிழைக்கும். முடிந்ததும் ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' கொடுத்தால் தரம் குறையாமல் சில நொடியில் எம்பி4 ஆகிவிடும். அட்வான்ஸ்டு பக்கத்தில் இதைத் தானாகச் செய்யச் சொல்லவும் வசதி உண்டு.

இடக் கணக்கையும் முன்பே போட்டுவிடுங்கள். நொடிக்கு 8 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 60 எம்பி, பத்து நிமிடத்துக்கு 600 எம்பி. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரே கோப்பு ஏறாது.

*

படம் சுமாராக இருந்தாலும் பாடத்தைப் பார்ப்பார்கள். குரல் கரகரத்தால் முதல் நிமிடத்திலேயே போய்விடுவார்கள். அதனால் ஒலியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

புளூடூத் ஹெட்செட்டின் மைக்கில் பதிவு செய்யாதீர்கள். அதில் மைக் இயங்கத் தொடங்கியதும் இணைப்பு தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு இறங்கிவிடும். மேல் அதிர்வெண்கள் வெட்டுப்பட்டு, 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கிக் கேட்கும். நூற்றுக்கணக்கில் விற்கும் வயர் காலர் மைக்கே இதைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒன்று: போனுக்கான காலர் மைக்கின் பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். டெஸ்க்டாப்பின் இளஞ்சிவப்பு மைக் துளை இரண்டு வளையத்துக்கானது. நேராகச் செருகினால் சத்தமே வராது, மைக் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவார்கள். இடையில் ஒரு பிரிப்பான் கேபிள் போட்டால் சரியாகிவிடும்.

அளவு: ஓபிஎஸ் மீட்டரில் சாதாரணப் பேச்சு மஞ்சள் பகுதியில், அதாவது கழித்தல் 20 முதல் கழித்தல் 9 டெசிபலுக்குள், ஆட வேண்டும். சிவப்பைத் தொட்டுத் தொட்டு வந்தால் மைக்கின் அளவைக் குறையுங்கள். உச்சியில் வெட்டுப்பட்ட ஒலியை எடிட்டிங்கில் முழுதாக மீட்க முடியாது.

சீலிங் ஃபேன் பெரிய தொந்தரவு. காற்று மைக்கில் நேராக மோதினால் வரும் 'புஃப்' சத்தத்தை எந்த ஃபில்டரும் சுத்தமாக எடுக்காது. ஃபேனை நிறுத்திவிட்டு ஐந்தைந்து நிமிடமாகப் பதிவு செய்வதே வழி. மீதி இரைச்சலுக்கு மைக்கின் ஃபில்டர்களில் நாய்ஸ் சப்ரெஷன் சேர்த்து 'ஆர்என்நாய்ஸ்' தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே கம்ப்ரசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது), கடைசியில் லிமிட்டர் (உச்ச அளவைத் தாண்டாமல் தடுப்பது). வரிசை முக்கியம். கம்ப்ரசரை முதலில் வைத்தால் இரைச்சலும் சேர்ந்து மேலே ஏறிவரும்.

அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராபர்டீஸில் மைக்கை ஒரு டிராக்கிலும் கணினி ஒலியை வேறு டிராக்கிலும் பிரித்துவிடுங்கள், அவுட்புட் பக்கத்திலும் இரண்டு டிராக்கையும் டிக் செய்யுங்கள். நடுவில் 'டிங்' என்று ஒரு நோட்டிஃபிகேஷன் விழுந்தால் பேச்சைத் தொடாமல் அதை மட்டும் அழிக்கலாம்.

*

டிஸ்ப்ளே கேப்சர் சேர்த்தால் கறுப்பாக மட்டும் தெரிகிறதே, இதற்கு யாராவது வழி சொல்லுங்களேன். லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப் இருக்கிறது.

*

தம்பி, அந்த இரண்டு சிப்தான் காரணம். திரையை ஒரு சிப் ஓட்டுகிறது, ஓபிஎஸ் இன்னொன்றில் ஓடுகிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் ஓபிஎஸ்ஸைப் பட்டியலில் சேர்த்து 'பவர் சேவிங்' கொடுங்கள். ஓபிஎஸ்ஸை மூடித் திறந்தால் திரை தெரியும். ஒரு செயலியை மட்டும் காட்டினால் போதும் என்றால் விண்டோ கேப்சரே நல்லது. பின்னால் திறந்திருக்கும் வாட்ஸ்அப் வெப் படத்தில் விழாது.

*

எல்லாருக்கும் ஓபிஎஸ் தேவைப்படாது. இரண்டு நிமிடத்தில் ஒரு படிவம் நிரப்பும் முறையைக் காட்ட, விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலே போதும். விண்டோஸ் + ஆல்ட் + ஆர் அழுத்தினால் இயங்கும் கேம் பாருக்கு ஒரு வரம்பு உண்டு: ஒரு செயலியைத்தான் பிடிக்கும், டெஸ்க்டாப்பையும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரையும் பிடிக்காது. மேக்கில் கமாண்ட் + ஷிஃப்ட் + 5. உபுண்டுவில் கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + ஆர், ஆனால் அதில் ஒலி பதிவாகாது. பணம் கொடுத்து வாங்குவதில் காம்டேசியாவுக்கு ஒரு தனி நன்மை இருக்கிறது. கர்சரைப் படத்தோடு ஒட்டாமல் தனியாக வைத்திருக்கும், ஆகவே பதிவு முடிந்த பிறகும் அதைப் பெரிதாக்கலாம், மறைக்கலாம். வாரம் மூன்று நான்கு பாடம் போடுபவர்களுக்கு அந்தக் காசு வீண் இல்லை.

போன் செயலிகளைக் கற்பிப்பவர்கள் ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்து, தொடும் இடத்தைக் காட்டும் அமைப்பை இயக்குங்கள். விரல் எங்கே பட்டது என்று வெள்ளைப் புள்ளி காட்டும். யுஎஸ்பி கேபிள் போட்டு எஸ்சிஆர்சிபிஒய் என்ற இலவசக் கருவியால் போன் திரையைக் கணினிக்குக் கொண்டுவந்து பதிவு செய்வதே வசதி. வங்கிச் செயலிகளின் திரை கறுப்பாக வந்தால் உங்கள் அமைப்பில் தவறில்லை. செயலியே பாதுகாப்புக்காகத் தடுக்கிறது. அதை உடைக்க முயலாமல் படம் வரைந்து விளக்குவதுதான் முறை.

போனின் உள்ளமைந்த ரெக்கார்டர் பிரேம் வேகத்தை ஏற்றி இறக்கிப் பதிவு செய்யும். எடிட்டரில் போட்டால் போகப் போக உதடு ஓரிடம் குரல் ஓரிடம் ஆகும். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்' கொடுத்து மாற்றிவிட்டு வெட்டத் தொடங்குங்கள்.

*

மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டப் பாடங்களைத் தமிழிலும் கேட்கலாம். பதிவுக்கு முன் அவர்கள் எழுதும் பிரதியில் இரண்டு பத்தி இருக்கும்: இடப்பக்கம் திரையில் நடப்பது, வலப்பக்கம் பேச வேண்டியது. ஒரு பாடம் சுமார் பத்து நிமிடம். எந்த மென்பொருளில் எடுத்தாலும் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிளிக் செய்வதற்கு முன் வாக்கியம் முடிய வேண்டும். "ஃபைல் மெனுவைச் சொடுக்கவும்" என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பிறகு சொடுக்குங்கள். அந்த ஒரு நொடி வெறுமையில்தான் பார்ப்பவர் தன் திரையில் அதைச் செய்வார், வெட்டுவதற்கும் அது வசதியான இடம்.

அழுத்தும் விசைகளைத் திரையில் காட்ட விண்டோஸுக்குக் கார்னாக், மேக்குக்குக் கீகேஸ்டர், லினக்ஸுக்கு ஸ்க்ரீன்கீ இருக்கின்றன. கடவுச்சொல் அடிக்கும்போது மறக்காமல் நிறுத்திவிடுங்கள். நட்சத்திரக் குறி போடும் பெட்டியில் அடித்தாலும் இவற்றில் சில எழுத்தை அப்படியே காட்டிவிடும்.

தமிழ்த் தலைப்பு வைக்கும்போது பிரீமியர் என்ற வீடியோ எடிட்டரில் 'கொ' உடைந்து ஒற்றைக்கொம்பு வேறு இடத்தில் நிற்கிறதா? பிரிஃபரன்சஸ், கிராபிக்ஸ் பகுதியில் எழுத்து இயந்திரத்தை 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றுங்கள். கேடென்லைவ், ஷாட்கட் என்ற எடிட்டர்கள் இரண்டிலும் யூனிகோடு தமிழ் நேராகவே அமரும். வசன வரிகளுக்கான எஸ்ஆர்டி கோப்பை நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங்கில் யூடிஎஃப்-8 தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏஎன்எஸ்ஐயில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப அடிக்க வேண்டியதுதான்.