சக்கர நாற்காலியில் மேசைப்பந்து ஆடும் என் தங்கைக்கு உதவி வேண்டும்

குழு அன்பர்களுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் நான், முதுகுத்தண்டுக் காயத்தால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் என் தங்கைக்காக இதை எழுதுகிறேன். 2021-இல் டோக்கியோ பாராலிம்பிக்கில் பவினா படேல் வெள்ளிப் பதக்கம் வென்றதைப் பார்த்த நாளிலிருந்து மேசைப்பந்துதான் அவளுக்கு எல்லாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில அளவிலான போட்டியில் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

இப்போது அவள் பயிற்சி செய்யும் மேசையின் கால்கள் ஓரத்திலேயே இருப்பதால், நாற்காலியின் கால்தாங்கி அவற்றில் இடிக்கிறது. வலைக்கு அருகில் விழும் பந்தை எட்ட முன்னால் சாயும்போதெல்லாம், இடக்கையால் சக்கரத்தை இறுகப் பற்றிக்கொண்டுதான் அவளால் நிமிர முடிகிறது. சக்கர நாற்காலி ஆட்டத்துக்கு மேசையின் கால்கள் முனைக்கோட்டிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். அத்தகைய மேசை, படி ஏறாமல் செல்லக்கூடிய அரங்கில், கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். வாரத்தில் 2 நாள் கிடைத்தாலே போதும், அழைத்து வர நான் இருக்கிறேன்.

சர்வீஸ் பந்து எதிராளியின் பக்கக்கோட்டைத் தாண்டிச் சென்றால் மீண்டும் போட வேண்டும் என்பது போன்ற விதிகளை அறிந்த, இரக்கப்பட்டு மெதுவாக ஆடாமல் முழு வேகத்தில் ஆடக்கூடிய பயிற்சித் துணை ஒருவரும் தேவை. அமர்ந்து ஆடுவோருக்கு உரிய 1 முதல் 5 வரையிலான பிரிவுகளில் அவள் எதில் வருவாள் என்பதை முடிவு செய்யும் வகைப்பாட்டுக்கு எந்தெந்த மருத்துவச் சான்றுகளைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும், ஏற்கெனவே அதற்குச் சென்று வந்தவர்கள் விளக்கினால் மிகுந்த நன்றியுடையவனாக இருப்பேன்.