நிறமற்ற பாட்டில்களைத் தவறவிடும் ஒளி உணரி: ஆலோசனை வேண்டுகிறேன்

குழுவின் அன்பர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு அருகே குளிர்பானம் நிரப்பும் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். கன்வேயரில் வரும் பாட்டில்களை எண்ணுவதற்கு, ஒளியை அனுப்பும் பகுதியும் பெறும் பகுதியும் ஒரே பெட்டிக்குள் அமைந்து, எதிரே உள்ள பிரதிபலிப்பானிலிருந்து திரும்பும் சிவப்பு ஒளி தடைபடும்போது சைகை தரும் உணரியைப் பயன்படுத்துகிறோம். நிறமுள்ள பாட்டில்களை அது பிழையின்றி எண்ணுகிறது. பெட் (PET) என்னும் பிளாஸ்டிக்கால் ஆன நிறமற்ற பாட்டில்களையோ அடிக்கடி தவறவிடுகிறது.

தெளிந்த பிளாஸ்டிக் ஒளியின் சிறு பங்கையே குறைப்பதால், திரும்பும் ஒளி, பாட்டில் இருப்பதாக உணரி கொள்ளும் வரம்புக்குக் கீழே இறங்குவதில்லை. அத்துடன், இழுத்து ஊதி உருவாக்கப்படும் பெட், தன்னூடே செல்லும் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலை அதிரும் திசையை, மாற்றக்கூடியது என்பதால், பளபளப்பான பரப்புகளின் பொய்ப் பிரதிபலிப்பைத் தடுக்கும் முனைவாக்க வடிகட்டியும் இங்கே எதிர்பார்த்தபடி உதவவில்லையோ என்று ஐயுறுகிறேன். வரம்பை உயர்த்தினால், கோடை ஈரப்பதத்தில் லென்ஸின்மீது படியும் நீர்த்திவலைகளையே அது பாட்டிலாகக் கொள்கிறது.

தெளிந்த பொருள்களுக்கென்றே செய்யப்பட்டு, லென்ஸில் படியும் அழுக்குக்கேற்ப வரம்பைத் தானே திருத்திக்கொள்ளும் உணரிகளை ஈரமான இடத்தில் பயன்படுத்தியவர்கள் இருந்தால், உங்கள் அனுபவத்தை அருள்கூர்ந்து எழுதுங்கள். காதுக்கு எட்டாத ஒலியால் பொருளை அறியும் மீயொலி உணரிக்கு மாறலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் பாட்டில்கள் ஒன்றையொன்று ஒட்டியே வருவதால் அது அவற்றைப் பிரித்தறியுமா? உணரியைப் பாட்டிலின் கழுத்து மட்டத்தில் பொருத்தியவர்களின் கருத்து எனக்கு மிகவும் தேவை.