நோர்வேயில் வீட்டு விறகு: வாங்குவதிலிருந்து சாம்பல் அள்ளுவது வரை

நோர்வேயின் வெவ்வேறு ஊர்களில் விறகு எரிப்பவர்கள் ஒருவரைத் தொடர்ந்து ஒருவர் எழுதிய குறிப்புகள் இவை. ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் ஊர் இருக்கிறது.

ஹாமார்

விறகைக் கொள்ளளவில் விற்கிறார்கள், நமக்கு வேண்டியது சூடு. காசு வீணாகப் போவது இந்த இடைவெளியில்தான். காய்ந்த விறகு எந்த மரமானாலும் கிலோவுக்கு ஏறத்தாழ 4 கிலோவாட் மணி தரும். ஆனால் ஒரே அளவுச் சாக்கில் பேர்ச் மரம் ஏறுகிற எடைக்கு இலேசான ஸ்புரூஸ் மரம் ஏறாது. ஸ்புரூஸ் சாக்கில் கிடைக்கும் சூடு பேர்ச்சின் முக்கால்வாசி. விலையும் அதற்கேற்பக் குறைந்திருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் விடுங்கள். சாக்கில் 'பியொர்க்' என்றிருந்தால் பேர்ச், 'கிரான்' ஸ்புரூஸ், 'ஃபூரு' பைன், 'பிளாண்டிங்ஸ்வேட்' கலப்பு. கலப்பில் என்னென்ன மரம் என்று கேட்டு வாங்குவது நல்லது.

1000 லீற்றர் பெரிய சாக்கு என்பது கட்டைகளை அப்படியே கொட்டி நிரப்பிய அளவு. வீட்டில் இறக்கி ஒழுங்காக அடுக்கினால் 0.65 கன மீற்றர் அளவில்தான் நிற்கும். ஏமாற்றிப்போட்டான் என்று சண்டைக்குப் போக முதல் இந்தக் கணக்கைப் பாருங்கள். கமக்காரர்களிடம் நேரே வாங்கினால் 'ஃபவ்ன்' கணக்கு வரும்: 60 சென்ரிமீற்றர் நீளக் கட்டைகள், 2 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம். அது அடுக்கிய 2.4 கன மீற்றர். இரண்டு விலைகளை ஒப்பிடும்போது கொட்டிய அளவா அடுக்கிய அளவா என்று கேட்காவிட்டால் ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை.

எப்போது வெட்டியது, எப்போது பிளந்தது, எங்கே காயவிட்டது என்ற மூன்றையும் கேளுங்கள். "போன வருஷம் வெட்டினது" என்பது பதிலாகாது. பிளக்காமல் கிடந்த பேர்ச்சை அதன் பட்டை நீர் போக விடாது. வருடக்கணக்கில் கிடந்தாலும் காயாமல் உள்ளுக்குள் உக்கிவிடும்.

பேர்கன்

ஈரமானியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவாக வாங்கும் ஈரமானிகள் நீரைக் காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுக் காட்டுகின்றன. விறகுக்குச் சொல்லும் '20 வீதத்துக்குக் கீழே' என்பது பெரும்பாலும் மொத்த எடையில் உள்ள நீர். மொத்த எடையில் 20 என்றால் அந்த மானியில் 25 காட்டும். 25ஐப் பார்த்துவிட்டு விறகைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்த்துப் பயனில்லை. கட்டையைப் புதிதாகப் பிளந்து, நடுப்பகுதியில், நார் போகும் திசையில் ஊசிகளை அழுத்த வேண்டும். உறைந்த கட்டை தவறான அளவு காட்டும், ஒரு இரவு வீட்டுக்குள் வைத்துவிட்டு அளக்கவும். மானி இல்லாவிட்டால் பேர்ச்சின் ஒரு வெட்டுமுகத்தில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைப் பூசி மறுமுனையில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். குமிழ் வந்தால் காய்ந்துவிட்டது. இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் ஈரம்.

எங்கள் மேற்குக் கரையில் மழை ஓயாது. ஹாமார் பக்கம் வசந்தத்தில் பிளந்தது இலையுதிர்காலத்தில் எரிக்கத் தயாராகும், இங்கே கூரை இல்லாவிட்டால் ஒரு கோடை போதாது. தறப்பாளால் முழுக்க மூடிக் கட்டுவதைப் போல மோசமான வேலை இல்லை. உள்ளே நீராவி அடைபட்டுப் பூஞ்சணம் பிடித்துவிடும். மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்கள் திறந்திருக்கட்டும். அடியில் மரத்தட்டு, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம். சுவரோடு ஒட்டாமல் கை போகிற அளவு இடைவெளி. வீட்டுச் சுவரோடு பெரிய அடுக்கு வைத்தால் ஈரம், எறும்பு, தீ மூன்றுக்கும் வழி விடுகிறீர்கள். அடுக்கின் இரண்டு முனைகளிலும் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் முட்டுக்கொடுக்காமலே நிற்கும். உயரத்தை ஒன்றரை மீற்றரோடு நிறுத்துங்கள். பனி உருகும்போது நிலம் இளகி அடுக்கு சாயும்.

பட்டை மேலே பார்க்க வேண்டுமா கீழேயா என்பது இந்த நாட்டின் தீராத வழக்கு. 2013 பெப்ரவரியில் தேசியத் தொலைக்காட்சி 12 மணி நேரம் விறகைப் பற்றியே ஒளிபரப்பியபோது முறைப்பாடுகள் இரண்டு கட்சியாகத்தான் வந்தன. மூடாத அடுக்கென்றால் உச்சி வரிசையைப் பட்டை மேலாக வையுங்கள், மழை வழிந்து போகும். கூரைக்குக் கீழே எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

ஒஸ்லோ

தொடர்மாடி ஆட்களுக்கு ஒரு விசயம். மரத்தட்டோடு வரும் சாக்குகளைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கை வந்த அன்றே வெட்டி எடுத்துவிடுங்கள், காய்ந்த விறகும் அதற்குள் வியர்க்கும். நிலவறை ஈரமென்றால் அங்கே ஒரு கிழமைக்கு மேல் வைக்க வேண்டாம். மாடிப்படியிலும் நடைபாதையிலும் அடுக்கக் கூடாது, தீ பிடித்தால் ஆட்கள் வெளியேறும் வழி அதுதான்.

ஆல்த்தா

வடகோடி மாகாணமான ஃபின்மார்க்கில் இருக்கிற ஆக்கள் விறகுக்குக் காசு குடுக்க முதல் ஒண்டைப் பாருங்கோ. 2005 ஃபின்மார்க் சட்டப்படி இங்க வதிகிற ஆக்களுக்கு வீட்டு எரிபொருளுக்காக இலையுதிர் மரம் வெட்ட உரிமை இருக்கு. ஆனா நினைச்ச இடத்தில வெட்டேலாது, ஃபின்மார்க் நிலத்தை நிர்வகிக்கிற ஃபெஃபோ நிறுவனத்திட்ட கேட்டு அவை காட்டுற இடத்திலதான் வெட்டலாம்.

குளிர்காலக் கடைசியில, தளிர் விட முதல் வெட்டினா மரத்தில நீர் குறைவு. பிந்திப்போனா இலை விரியும் வரைக்கும் பொறுத்து, வெட்டின மரத்தைக் கொப்பும் இலையுமா அப்பிடியே சில கிழமை விடுங்கோ. இலை நீரை உறிஞ்சி வெளியில விடும். இலை வாடினாப் பிறகு துண்டு போடலாம்.

சங்கிலிவாள் பிடிக்கிறதெண்டா வெட்டுத்தாங்கிற காற்சட்டை, முகமறைப்போட தலைக்கவசம், சப்பாத்து எல்லாம் கட்டாயம். வாளின்ர நுனி மேல்பக்கம் மரத்தில பட்டா வாள் முகத்துக்குத் திருப்பி அடிக்கும். தோளுக்கு மேல தூக்கி வெட்டாதேங்கோ. சீவல் விழாமத் தூள் விழுந்தா சங்கிலி மொட்டை, அழுத்தி வெட்டாம நிப்பாட்டி அரத்தால தீட்டுங்கோ.

கொத்துறது பச்சையா இருக்கேக்க சுகம், உறைஞ்சிருந்தா இன்னும் சுகம். முழங்கால் உயரத்துக்கு ஒரு அடிக்கட்டை, அதுக்கு மேல பழைய ரயர் ஒண்டு. கட்டையை ரயருக்குள்ள நிறுத்தினா பிளந்த துண்டு சிதறாது, குனிஞ்சு பொறுக்கிற வேலையும் இல்லை. கணு உள்ள கட்டையை நடுவில போட்டா கோடாலி இறுகிப்போகும், ஓரத்தில இருந்து சீவிக்கொண்டு வாங்கோ. 8 தொடக்கம் 12 சென்ரிமீற்றர் தடிப்புப் போதும். நீளம் 30 எண்டுதான் பொதுவா வரும், சின்ன அடுப்புக்கு 25. உங்கட அடுப்பை அளந்துபோட்டு வெட்டுங்கோ.

கடற்கரையில ஒதுங்கிற மரம் சும்மா கிடைக்குதெண்டு எரியாதேங்கோ. அதில இருக்கிற உப்பு அடுப்பைக் கறளாக்கும், நச்சுப்புகையும் வரும். வர்ணம் அடிச்ச பலகையும் மருந்து ஏத்தின பலகையும் எரிக்கவே கூடாது.

திரொண்ட்ஹைம்

எரிக்கிற முறையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நல்ல விறகையும் பிழையாக எரித்தால் புகைக்கூட்டில் தார்தான் சேரும்.

1998க்குப் பின் வந்த புதிய அடுப்புகளில் மேலிருந்து பற்றவைக்க வேண்டும். அடியில் இரண்டு மூன்று பெரிய துண்டுகள், அதன்மேல் விரல் மொத்தச் சிராய்கள் குறுக்கும் நெடுக்குமாக, உச்சியில் பற்றவைப்புக் கட்டி. காற்றுவழிகள் எல்லாவற்றையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். தீ மேலிருந்து கீழிறங்கும்போது விறகிலிருந்து கிளம்பும் வாயு சுவாலையைத் தாண்டித்தான் போக வேண்டும், அதுவும் எரிந்து சூடாகும். அடியில் பற்றவைத்தால் அந்த வாயு எரியாமலே புகையாகப் போய்விடும். கண்ணாடி கறுத்தால் விறகு ஈரம் அல்லது காற்றுப் போதாது. இரவு முழுக்கத் தணல் நிற்கட்டும் என்று காற்றை அடைத்துவிட்டுப் படுக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். புகைக்கூட்டுக்குள் பளபளக்கும் கறுப்புத் தார் படிவது அதனால்தான், பிறகு தீப்பிடிப்பதும் அந்தத் தார்தான்.

புகைக்கூட்டுத் தீ என்றால் இரைச்சல் கேட்கும், உச்சியில் பொறி பறக்கும். காற்றுவழிகளை மூடுங்கள், எல்லோரையும் வெளியே அனுப்புங்கள், 110க்கு அழையுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, அது நொடியில் ஆவியாகிப் புகைக்கூட்டையே வெடிக்க வைக்கும். புகைக்கூட்டைப் பரிசோதிக்கும் வரை மறுபடி நெருப்பு மூட்ட வேண்டாம்.

சாம்பலை முழுக்க வழித்தெடுக்கத் தேவையில்லை, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இருந்தால் தணலுக்கு நல்லது. எடுத்ததை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே, எரியாத தரையில் வையுங்கள். சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும். கடதாசிப் பையும் பிளாஸ்டிக் வாளியும் இதற்கு ஆகாது.

ஒஸ்லோ

பற்றவைத்தவுடன் அறைக்குள் புகை வந்தால் விறகைக் குறை சொல்ல முதல் சமையலறைக் காற்றிழுப்பானைப் பாருங்கள். காற்றுப் புகாத புது வீடுகளில் அது புகைக்கூட்டிலிருந்தே காற்றை இழுக்கும். அதை நிறுத்திவிட்டு, அடுப்புக்கு அருகிலுள்ள யன்னலை ஐந்து நிமிடம் திறந்து வைத்துப் பற்றவையுங்கள். காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒன்றும் அறையில் இருக்கட்டும்.

ஹாமார்

பேர்ச் மட்டும்தான் விறகு என்ற எண்ணமும் வேண்டாம். ஒக்ரோபரிலும் ஏப்ரலிலும் பேர்ச் போட்டால் வீடு புழுங்கி யன்னல் திறக்க வேண்டிவரும். அந்த மாதங்களுக்கு ஸ்புரூஸும் அஸ்பனும் நல்லது, கெதியாகப் பற்றிக் கெதியாக அடங்கும். பேர்ச்சை மைனஸ் 15க்கு ஒதுக்கி வையுங்கள். அடுத்த குளிருக்கானதை இந்த வசந்தத்திலேயே பச்சையாக வாங்கி நீங்களே காயவிடுவது மலிவு. 2022இல் மின்கட்டணம் ஏறி எல்லோரும் ஒரே நேரத்தில் விறகுக்கு ஓடியபோது, போன வருடத்து அடுக்கு வைத்திருந்தவர்களுக்கு அந்த ஓட்டம் தேவைப்படவில்லை.